சின்ன இன்ஜினா, பெரிய இன்ஜினா?

அத்தியாயம் பதினொன்று

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் புஸ்ஸென்று ஆவியைக் கக்கிவிட்டு நின்ற பழைய கார், அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. போன வாரம் அதை ஒரு லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு மலையிறங்கும்போது, மாட்டு டாக்டரின் மனசில் காரைவிடப் பெரிய விஷயம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அன்று காலையில்தான் மலைமேல் இருக்கும் பெரிய டாக்டர் அவளிடம் கேட்டிருந்தார்.

“எனக்கு வயசாயிடுச்சும்மா. மகள் வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். இந்த ஆஸ்பத்திரி, ஒட்டினாப்ல இருக்கிற வீடு, இந்த மலையில இருக்கிற மாடு, ஆடு, குதிரை எல்லாத்தையும் நீ பார்த்துக்கறியா?”

திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவள் கணவர், டவுனில் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி விற்பதால் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடும் அந்த மனிதர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். “முதல்ல ஒரு வண்டியைப் பார்ப்போம்” என்றார்.

அவ்வளவுதான். வாரம் முழுக்க அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு, வேண்டாம் என்று பதில் வந்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இப்போது சனிக்கிழமை காலை. பழைய கார்கள் விற்கும் யார்டில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். மூன்றாவது ஆள், அத்தை. கண்ணாடிக்காரரின் அம்மா. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் கேட்கிற காது, அவசியம் இல்லாமல் ஒரு சொல் பேசாத வாய்.

“ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருஷம் மேடம்” என்றார் யார்டுக்காரர். சட்டைப் பையில் நாலைந்து சாவிக்கொத்துகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. “கூடப் பொறந்த அண்ணன் தம்பின்னு வெச்சுக்குங்க. வெள்ளை தம்பி, ஒன்றரை லிட்டர் இன்ஜின். அதோ உள்ளே நிக்குதே நீலம், அது அண்ணன். ரெண்டு புள்ளி ரெண்டு.”

“பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு?” என்றாள் அத்தை.

“பார்க்கத்தாம்மா ஒண்ணு. தம்பி கொஞ்சமா குடிப்பான். அண்ணன் கொஞ்சம் அதிகமா குடிப்பான். ஆனா எவ்வளவு பாரம் ஏத்தினாலும் முனகமாட்டான்.”

டாக்டரின் கண் நீல வண்டியைவிட்டு அகலவில்லை. முன்னால் நாலு கார்கள் மறித்து நிற்க, கடைசி வரிசையில் சுவரை ஒட்டி நின்றது. அதன் பின்கதவைத் திறந்தால் மருந்துப் பெட்டி, கயிறுகள், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் போக ஒரு கன்றுக்குட்டியையும் படுக்கவைக்கலாம் என்று மனசுக்குள் அடுக்கிப் பார்த்துவிட்டாள்.

கண்ணாடிக்காரர் வெள்ளை வண்டியைச் சுற்றி வந்தார். டயரைக் குனிந்து பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஆயில் குச்சியை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸைச் சோதிப்பதுபோல் பார்த்தார்.

“எனக்கு இதான் சரின்னு படுது” என்றார்.

“அதுக்குள்ளயா? நீலத்தை இன்னும் கிட்டப்போய்கூடப் பார்க்கலையே நீங்க.”

“பார்க்க என்ன இருக்கு டாக்டரே? தினமும் ஓட்டப்போற வண்டி. பெரிசு டீசலை அள்ளிக் குடிக்கும். வரி, இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாமே ஒரு படி மேலே. தினப்படி ஓட்டத்துக்குச் சின்னது போதும்.”

போதும். அந்த ஒரு சொல் டாக்டருக்குச் சுருக்கென்றது.

மலைக்குப் போகிற எண்ணம் இருக்கிற மனுஷன் இப்படிப் பேசுவாரா? டவுனுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கத்தான் சின்னது போதும். சரி. கேள்வியை வாய்விட்டுக் கேட்காமலேயே பதில் வந்தாயிற்று. ஒரு வாரமாகப் பேசாத பேச்சை ஒன்றரை லிட்டரில் சொல்லிவிட்டார்.

“நாலு பேரும் பாரமும் ஏறினா மலையில சின்னது திணறும்” என்றாள், கடைசி முயற்சியாக.

“திணறினா மெதுவாப் போகலாம்.”

“மெதுவாப் போனா மாடு செத்துடும்.”

யார்டுக்காரர் நைசாக நகர்ந்து ஒரு காரின் மேலிருந்த தூசியை ஊதினார். வியாபாரத்தில் ஊறின ஆள். புருஷன் பெண்டாட்டி பேச்சில் தலையைக் கொடுத்தால் வண்டி விற்காது என்று தெரிந்தவர்.

“உங்க இஷ்டம்” என்றாள் டாக்டர். “எது வாங்கினாலும் எனக்குச் சரி.”

கல்யாணமான எவருக்கும் இந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். கண்ணாடிக்காரருக்கும் தெரிந்தது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பதுதான் தெரியவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தபோது டாக்டரின் போன் அடித்தது.

மலைமேலிருந்து பண்ணைக்காரம்மா. குரலில் மூச்சு வாங்கியது.

“டாக்டரம்மா, விடிஞ்சதுலேர்ந்து பசு ஈன முடியாம முக்கிக்கிட்டே கிடக்குது. ஒரு கால்தான் வெளியே தெரியுது. பெரிய டாக்டர் வெளியூர் போயிருக்காராம். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை.”

“இழுக்காதீங்க. யாரும் கை வைக்காதீங்க. கொட்டில் சூடா இருக்கட்டும், தண்ணி கொதிக்கட்டும். வந்துக்கிட்டே இருக்கேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பழைய காரிலிருந்து எடுத்த மருந்துப் பை தோளிலேயே இருந்தது. வண்டிதான் இல்லை.

“அண்ணனைக் கொடுங்க” என்றாள் யார்டுக்காரரிடம்.

“மேடம், அதை வெளியே எடுக்க முன்னாடி நாலு வண்டியை நகர்த்தணும். ஒண்ணுக்கு பேட்டரியே கிடையாது.”

“அப்போ தம்பி.”

“டெஸ்ட் டிரைவ்னா ரவுண்டானா வரைக்கும் போய்ட்டு வர்றதுதான் மேடம் வழக்கம்...”

டாக்டர் அதற்குள் வெள்ளை வண்டியின் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து சீட்டை முன்னே தள்ளிக்கொண்டிருந்தாள். வண்டியைத் தனியே அனுப்ப மனசு வராமல் யார்டுக்காரர் முன்சீட்டில் தொற்றிக்கொண்டார். பின்சீட்டில் கண்ணாடிக்காரர். அவர் பக்கத்தில், யாரும் கூப்பிடாமலேயே, அத்தை.

“நீ எதுக்கும்மா? வீட்டுக்கு ஆட்டோ பிடிச்சுத் தர்றேன்.”

“பின்சீட்டு எப்படி இருக்குன்னு நான் பார்க்கவேண்டாமா? காலத்துக்கும் அதுல உட்காரப்போறவ நான்தானே” என்றாள் அத்தை.

டவுனைத் தாண்டும்வரை வெள்ளை வண்டி சொன்னபடி கேட்டது. சந்துகளில் சுளுவாக நுழைந்தது. கிளட்ச் லேசாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஓட்ட சுகமான வண்டிதான் என்று டாக்டரே நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

மலை ஆரம்பித்தது.

முதல் வளைவில் மூன்றாவது கியரில் இருந்தாள். வளைந்து நிமிர்வதற்குள் வண்டி சோர்ந்துபோய் உறுமியது. இரண்டாவதுக்கு மாற்றினாள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு விநாடி ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம், தூக்கம் கலைந்த ஆள்போல் துள்ளிக்கொண்டு ஏறியது.

“ஆக்சிலரேட்டரை முழுசா விட்டுடாதீங்க மேடம்” என்றார் யார்டுக்காரர், மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. “இன்ஜின் சுத்திக்கிட்டே இருந்தாத்தான் இழுவை வரும். ஏசியை நிறுத்திடலாமா?”

ஏசியை நிறுத்தினார்கள். கண்ணாடிகளை இறக்கினார்கள். பழைய கார் உயிரை விட்ட அந்த மூன்றாவது வளைவு வந்தபோது, எதிரே ஒரு பால் லாரி இறங்கி வந்தது. வழிவிட்டு நின்று மறுபடி கிளம்பவேண்டியிருந்தது. முதல் கியர். கைபிரேக்கை விடுவித்ததும் வண்டி ஒரு முழம் பின்னால் போனது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். வண்டி அலறியது. புகைந்தது. ஏறியது.

“ஏறிடுச்சு பாத்தீங்களா!” என்றார் யார்டுக்காரர், தானே பின்னாலிருந்து தள்ளியவர் மாதிரி நெற்றியைத் துடைத்தபடி.

ரியர் வியூ கண்ணாடியில் கணவர் முகத்தை அவள் ஒருமுறை பார்த்தாள். வண்டியையோ சாலையையோ பார்க்காமல், கியரை மாற்றிக்கொண்டே இருக்கும் அவள் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பண்ணை மலையின் முதுகில் இருந்தது. தகரக் கூரை போட்ட கொட்டிலில் பசு பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. பண்ணைக்காரம்மா அதன் கழுத்தைத் தடவியபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவி, நீளக் கையுறையை மாட்டிக்கொண்டு மண்டியிட்டாள். உள்ளே கை போனதும் அவள் முகம் மாறியது. மற்றவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“உயிரோட இருக்கு” என்றாள். “விரலை வெச்சா நாக்கை அசைக்குது. இன்னொரு முன்னங்கால் முட்டியில மடங்கிப் பின்னால போயிருக்கு. கன்னுக்குட்டியை உள்ளே தள்ளித்தான் காலை நிமித்தணும். என்னங்க, இங்கே வாங்க.”

கண்ணாடிக்காரர் திடுக்கிட்டார். அவருடைய தொழிலில் கையில் பொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. ஆனால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

“கயிறைப் பிடிச்சுக்குங்க. நான் சொல்றப்போ மட்டும் இழுங்க. அது முக்கினா இழுங்க, நிறுத்தினா நிறுத்துங்க.”

குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மடங்கிய காலை அவள் அங்குலம் அங்குலமாக முன்னால் கொண்டுவந்தாள். பசு முக்கியபோது அவள் கை உள்ளே நசுங்கியது. வலியில் கண்ணை மூடிக்கொண்டாளே தவிர, கையை எடுக்கவில்லை. கடைசியில் இரண்டாவது குளம்பும் வெளியே எட்டிப் பார்த்தது.

“இப்போ!”

கண்ணாடிக்காரர் இழுத்தார்.

“நிறுத்துங்க... இப்போ!”

மூக்கு வந்தது. நெற்றி வந்தது. பிறகு மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழ, இழுத்த வேகத்தில் கண்ணாடிக்காரர் பின்புறமாக உட்கார்ந்துவிட்டார்.

கன்று அசையவில்லை.

டாக்டர் மூக்கையும் வாயையும் வழித்துச் சுத்தம் செய்தாள். வைக்கோலை அள்ளி விலாவைத் தேய்த்தாள். ஒரு துரும்பை எடுத்து மூக்குத் துவாரத்தில் நுழைத்துக் குடைந்தாள். “வா... வாடா... மூச்சு விடு” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை எப்போது வந்தாளோ, மறுபக்கம் உட்கார்ந்து, தன் தோளில் கிடந்த நல்ல சால்வையை உருவி, அதையே வைத்து அவளும் தேய்த்தாள்.

கன்று தும்மியது.

ஒரே ஒரு தும்மல். அப்புறம் தலையை ஆட்டியது. பண்ணைக்காரம்மா சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். வாசலில் நின்ற யார்டுக்காரர், “நல்லாயிருக்கா? நல்லாயிருக்கா?” என்று எல்லோரையும் ஒருமுறை கேட்டுவிட்டு, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பசுவுக்கு ஊசி போட்டு முடித்து, மருந்து பாட்டில் ஒன்றைப் பண்ணைக்காரம்மாவிடம் கொடுத்தாள் டாக்டர். “இதுல எழுதியிருக்கிறபடி கொடுங்க.”

பண்ணைக்காரம்மா பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். இன்னும் நீட்டினாள். கழுத்தைப் பின்னால் சாய்த்தாள்.

கண்ணாடிக்காரருக்கு அனிச்சையாக வாய் திறந்தது. “எவ்வளவு நாளா இப்படி?”

“கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. கைதான் நீளம் பத்தலை.”

“கண்ணாடி போடலையா?”

“அதுக்குக் கீழே இறங்கணுமே. போய், டெஸ்ட் பண்ணி, மறுபடி போய் வாங்கணும். மாட்டை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? இங்கே முக்கால்வாசிப் பேரு கையை நீட்டித்தான் படிக்கிறோம்.”

கண்ணாடிக்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவள் பேச்சை நிறுத்திய பிறகும் தலை ஆடிக்கொண்டிருந்தது.

கொட்டிலுக்கு வெளியே குழாயடியில் இருவரும் கை கழுவினார்கள். கண்ணாடிக்காரரின் சட்டை பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் முகத்தில், என்னவோ தானே ஈன்ற மாதிரி ஒரு பெருமை.

“நீ வலிக்கவே இல்லைங்கிற மாதிரி இருந்தே” என்றார்.

“வலிச்சுது.”

“தெரிஞ்சுது.” சோப்பை அவளிடம் கொடுத்தார். “சின்ன இன்ஜின் உனக்குச் சரிப்படாது. வர்ற வழியிலேயே பார்த்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் கியரோட மல்லுக்கட்டிட்டு, அதே கையைக் கொண்டுவந்து இங்கே உள்ளே விடணும்னா... வேண்டாம். நான் என் கணக்கை மட்டும்தான் பார்த்தேன்.”

“உங்க கணக்கு எது? வீட்டுக்கும் கடைக்கும் நடக்கிற தூரம். அதுக்கு மைலேஜ் எதுக்குங்க?” என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்கே விசித்திரமாகப் பட்டது. நிஜந்தானே, எதற்கு மைலேஜ்?

அவர் அவளைப் புரியாமல் பார்த்தார்.

“இங்கேயிருந்து எப்படி நடக்கிறது? நீ இங்கே ஆஸ்பத்திரியை எடுத்துக்கிட்டா நான் தினமும் கடைக்கு இறங்கி ஏறணும்ல? அதுக்குத்தானே சின்னதைச் சொன்னேன். தினமும் மலை ஏறி இறங்கறதுக்கு டீசல் கட்டுப்படி ஆகவேண்டாமா?”

டாக்டரின் கையிலிருந்து சோப்பு நழுவிக் கீழே போனது.

“நீங்க... வர்றதா முடிவு பண்ணிட்டீங்களா?”

“நீ சொன்ன அன்னிக்கே. அதான் உடனே வண்டி பார்க்கலாம்னு சொன்னேனே!”

“அதுக்குப் பேரு சொல்றதா? ஒரு வாரமா நான்...” அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. “வாயைத் திறந்து ‘வர்றேன்’னு ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா?”

“உனக்குப் புரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

“டவுன்ல எல்லாருக்கும் கண்ணு டெஸ்ட் பண்றீங்க. கட்டினவ ஒரு வாரமா மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருந்தது தெரியலையா?”

“தெரிஞ்சுது. மாடு ஏதாவது செத்திருக்கும்னு நினைச்சேன்.”

அதற்குமேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு சட்டென்று குனிந்து சோப்பைத் தேடி எடுத்தபடி, “இப்போ என் கணக்கும் மாறிடுச்சு” என்றார். “தினமும் இறங்கவேண்டாம்னு தோணுது. கடையில எனக்கு உதவியா இருக்கிற பொண்ணு பாதி நாள் கடையைப் பார்த்துக்குவா. மீதி நாள் நான் லென்ஸ் பெட்டியை எடுத்துக்கிட்டு இங்கேயே உட்காரலாம். உன் ஆஸ்பத்திரியில ஒரு மூலை கிடைக்குமா டாக்டரே?”

“மாடுங்க ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லை.”

“அப்போ பெரிசே வாங்கிடுவோம். தினப்படி ஓட்டம் குறையுது, பாரம் கூடுது. அதுக்கு அதான் சரி.”

அவர்கள் திரும்பியபோது அத்தை கொட்டில் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. ஒரு சொல் விடாமல் கேட்டிருப்பாள் என்பது மட்டும் நிச்சயம். அவளிடம் இதைப் பற்றி இருவருமே இதுவரை மூச்சு விடவில்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

“அம்மா...” என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர்.

“கிளம்பலாமா?” என்றாள் அத்தை. “அந்த மனுஷர் வண்டிக்குள்ள வைக்கோலைப் பார்த்துட்டு உயிரை விட்டுடுவார் போலிருக்கு.”

இறங்கும் வழியெல்லாம் அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் இரண்டு முறை, “அத்தை, நாங்களே சொல்லணும்னுதான்...” என்று தொடங்கினாள். இரண்டு முறையும், “ரோட்டைப் பாரும்மா” என்று பதில் வந்தது. அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

யார்டில் அதற்குள் நாலு கார்களும் நகர்த்தப்பட்டு, நீல வண்டி வெயிலுக்கு வந்திருந்தது. வாங்குகிறவர்கள் மனசு மாறுவதற்குள் ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று யார்டுக்காரர் போனிலேயே ஏற்பாடு செய்திருந்தார். “இப்ப அண்ணனை ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துடுங்க” என்று சாவியை நீட்டினார்.

கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். அதற்கு முன்னால் இன்னொரு கை வந்து சாவியை வாங்கிக்கொண்டது.

“அம்மா, என்ன பண்றே?”

அத்தை பதில் சொல்லாமல் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னுக்கு இழுத்தாள். பெல்ட்டைப் போட்டாள். நடுக் கண்ணாடியைத் திருப்பினாள், இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சரிசெய்தாள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் நிதானமாக, வரிசையாக.

“அத்தை, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?”

“போன மாசம் லைசென்ஸே வந்துடுச்சு. காலையில பார்க்குல நடக்கப் போறேன்னு போனேனே, எங்கே நடந்தேன்னு நினைச்சீங்க?”

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா!”

“நீங்க மட்டும் சொன்னீங்களா?”

இன்ஜின் கனமாக, அமைதியாக முழங்கி எழுந்தது. அத்தை ஒரு விநாடி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். முகம் மலர்ந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். பிறகு ஜன்னல் வழியாக மருமகளைப் பார்த்தாள். “பெரிய டாக்டர்கிட்ட ‘சரி’ன்னு இப்பவே சொல்லிடு. திங்கட்கிழமை வரைக்கும் அந்த மனுஷரைக் காக்க வைக்காதே. நீங்க போறது முடிவாயிடுச்சு. அதுல எனக்குச் சந்தோஷந்தான். ஆனா நான் வர்றேனா இல்லையான்னு நான் இன்னும் சொல்லலை.”

“நீங்க இல்லாம எப்படி அத்தை?”

“லைசென்ஸ் எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கும்மா. அதை ஓட்டிட்டு வந்து சொல்றேன். ஏறுங்க தம்பி.”

கடைசி வார்த்தை யார்டுக்காரருக்கு. அவர் பரிதாபமாகக் கண்ணாடிக்காரரைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். நீல வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. கேட்டருகே நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையில் இறங்கியது.

டாக்டர் பெரிய டாக்டரின் நம்பரை அழுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. டெஸ்ட் டிரைவ் போகவேண்டிய ரவுண்டானா இடது பக்கம் இருந்தது. வண்டி வலது பக்கம் திரும்பியது.

“அந்தப் பக்கம் எங்கே போறாங்க?” என்றாள்.

“தெரியலை” என்றார் கண்ணாடிக்காரர், எட்டி எட்டிப் பார்த்தபடி. அவர் குரலில் பயத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. “ஆனா இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பறாங்க.”